தேன்பெட்டியும் மழை ஈரமும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் ஆனி, ஆடி மாதங்களைக் கழித்தவர்களுக்கு ஈரத்தின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. துவைத்த துணி உலராது, தீப்பெட்டி நமுத்துப்போகும், புத்தக அட்டையில் பூஞ்சணம் படரும். கடைவீதிக் கிடங்குகளில் மிளகையும் சுக்கையும் ஈரம் தீண்டாமல் காப்பதே வணிகரின் பெருங்கவலை. அதே வீதியில் மிளகுக்கும் ஏலத்துக்கும் அருகே தேன் புட்டிகளும் வரிசையாக நிற்கக் காண்கிறோம். அந்தத் தேனும் ஈரத்தை வென்று வந்த பண்டமே. அவ்வெற்றியில் தேனீயின் பங்கு எவ்வளவு, மனிதன் செய்த பெட்டியின் பங்கு எவ்வளவு என்பதைச் சிறிது ஆராய்வோம். அந்த வரலாற்றில் தமிழகத்துக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு.

பூக்களிலிருந்து தேனீ கொணரும் மதுரத்தில் பெரும்பகுதி நீரே. நூற்றுக்கு 70 பங்கு நீருள்ள மதுரத்தை 20 பங்கு நீருள்ள தேனாக்க வேண்டுமானால், ஒரு கிலோ தேனுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீர் ஆவியாகி வெளியேற வேண்டும் என்பது கணக்கு. தேனீக்கள் மதுரத்தை வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் பரப்பி, சிறகால் விசிறி உலர்த்துகின்றன. பக்குவம் வந்தபின் மெழுகால் மூடுகின்றன. அதற்குமுன் அவசரப்பட்டு எடுத்த தேன் நாளடைவில் புளித்து நுரைக்கும். நீர் மிகுந்த தேனில் புளிக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுவதே காரணம்.

இங்கே நம் நாட்டுத் தேனீக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஐரோப்பியத் தேனீ வாயிலில் நின்று விசிறும்போது தலையைக் கூட்டின் பக்கம் வைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்துவிடும். இந்தியத் தேனீயோ தலையை வெளிப்புறமாக வைத்து, வெளிக்காற்றை உள்ளே செலுத்தும். ஆதலால் உள்ளிருக்கும் ஈரக்காற்றுக்குத் தனியே ஒரு போக்கிடம் தேவைப்படுகிறது. அது இல்லையேல் ஆவி பெட்டியின் சுவர்களிலேயே நீர்த்துளியாகப் படியும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அசையும் சட்டங்கள் கொண்ட பெட்டியை 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் பாதிரியார் கண்டார். மேனாட்டுத் தேனீக்கு அமைந்த அளவு நம் சிறிய தேனீக்குப் பொருந்தவில்லை. நம் நாட்டிலோ மரப்பொந்திலும் பானையிலும் கட்டிய அடையை அறுத்துப் பிழிவதே வழக்கமாக இருந்தது. புழுவும் மகரந்தமும் கலந்து பிழியப்பட்ட அத்தேன் விரைவில் கெட்டது, கூடும் அழிந்தது.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார். நம் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் சிறிய பெட்டி ஒன்றை அவர் வகுத்தார். 1911 முதல் 1917 வரை கிராம மக்கள் பலருக்கு அத்தொழிலைக் கற்பித்தார். 1917-இல் திருவிதாங்கூரிலும் தேனீ வளர்ப்புப் பயிற்சி தொடங்கியது. பின்னர் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், ஏழைக் குடியானவரின் துணைவருவாயாக இத்தொழிலைப் பரப்பினார். அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டம் 1956-இல் தமிழகத்துடன் இணைந்தது. எல்லை மாறியபோதிலும் தேனீ வளர்ப்பு இரு மாநிலங்களுக்கும் பொதுச் சொத்தாகவே நின்றது.

இன்றும் வழங்கும் நியூட்டன் பெட்டியின் கூரையைக் கவனிப்போம். இருபுறமும் சரிந்த பலகைகள் மழைநீரை வடியவிடுகின்றன. உட்கூரைப் பலகையின் நடுவே கம்பிவலை பொருத்திய சதுரத் துளை ஒன்று உண்டு. கூரையின் முன்னும் பின்னும் காற்றுத் துளைகள் உள்ளன. வாயில் வழியே புகுந்த காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலேறி இத்துளைகளால் வெளியேறுகிறது. குளிர்நாட்டார் அஞ்சுவது வேறொன்று: பனிக்காலத்தில் தேனீக்களின் மூச்சாவி குளிர்ந்த மூடியில் நீராகித் தேனீக்கள்மீது சொட்டும். அங்கே மூடியைக் கதகதப்பாகக் காப்பது முக்கியம்; இங்கே ஆவிக்கு வழிவிடுவதே முக்கியம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. காற்றோட்டம் என்று தமிழில் சொல்கிறோம். காற்று நுழைந்தால் மட்டும் போதாது, ஓடவும் வேண்டும் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது அன்றோ?

மழைக்காலத்தில் வளர்ப்போர் செய்ய வேண்டுவனவும் இதனையே ஒட்டியவை. பெட்டியைத் தரையில் வையாது தாங்கியின்மேல் நிறுத்த வேண்டும். தாங்கியின் கால்களுக்கு எறும்பைத் தடுக்கும் நீர்க்கிண்ணம் வேண்டும். உள்ளே சேரும் நீர் வாயில் வழியே வடியும்படி பெட்டியை முன்புறமாகச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். மழைக்காப்பாக ஓலையோ தகரமோ போர்த்தும்போது காற்றுத் துளைகளை அடைத்துவிடலாகாது. ஆளில்லாத வெற்றடைகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மெழுகுப்பூச்சி குடியேறும். பூக்கள் குறைந்த அந்நாட்களில் சர்க்கரைப் பாகு ஊட்டுவதும் இன்றியமையாதது. கேரளத்தில் தேன் மிகுவது தை முதல் பங்குனி வரை ரப்பர் மரங்கள் தளிர்க்கும் பருவத்தில். அதன் மதுரம் மலரில் அன்று, இலைக்காம்பில் சுரக்கிறது. அப்போதும் அடையில் பெரும்பகுதி மூடப்பட்டபின்னரே தேன் எடுப்பது முறை.

ஈரத்தை வென்றால் எல்லாம் வென்றதாகாது. 1991, 1992 ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் பரவிக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெரும்பாலான கூடுகளை அழித்தது. பெட்டிகள் இருந்தன, தேனீக்கள் இல்லை. அந்நோய்க்குத் தப்பிய கூடுகளிலிருந்தே வளர்ப்போர் தம் தொழிலை மீண்டும் பெருக்கினர். அவ்வாறு மீண்ட மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாகவே தோன்றுகிறது. பிற நாட்டில் பிறந்த பெட்டியை அப்படியே கொணர்ந்தபோது நம் தேனீ அதில் தங்கவில்லை. அதன் உடலளவையும் இந்நாட்டு மழையையும் அறிந்து திருத்தியபோது அதுவே வீடாயிற்று. அடுத்த முறை தேன் புட்டியைத் திறக்கும்போது, அதில் சேராது போன நீரையும் ஒரு கணம் நினைப்போமாக.