மெம்செக் கசிவு அறிக்கை

வால்கிரைண்ட் என்னும் கட்டற்ற மென்பொருளின் முதன்மைக் கருவியான மெம்செக், நிரல் முடியும்போது விடுவிக்கப்படாமல் கிடக்கும் நினைவகத் தொகுதிகளைப் பட்டியலிட்டுத் தரும் அறிக்கை இது. ஜூலியன் சீவர்ட் உருவாக்கிய வால்கிரைண்ட் 2002இல் வெளிவந்தது. சி, சி++ நிரலாளர்கள் அதைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர்.

வகைகள்: அறிக்கை நான்கு வகைகளைக் கூறும். எந்தச் சுட்டியும் (நினைவக முகவரியைக் கொண்ட மாறி) காட்டாத தொகுதி ‘உறுதியாக இழந்தது’. இழந்த தொகுதிகள் மட்டுமே சுட்டுவது ‘மறைமுகமாக இழந்தது’. தொடக்கத்தை விட்டு நடுப்பகுதியைக் காட்டும் சுட்டி வழியாக மட்டும் எட்டுவது ‘இழந்திருக்கலாம்’. தொடக்க முகவரி நிரலிடம் இருந்தால் ‘இன்னும் எட்டக்கூடியது’.

கையேட்டின் விளக்கம்: வரையறைகளை மட்டும் படிப்பவருக்கு எது எந்த வகையில் சேரும் என்ற குழப்பம் எளிதில் எழும். ஆகவே வால்கிரைண்ட் கையேடு, சுட்டிகள் ஒரு தொகுதியை அடையக்கூடிய ஒன்பது நிலைகளை அம்புக்குறிகளால் வரைந்து, ஒவ்வொன்றையும் உரிய வகையோடு பொருத்துகிறது. இருமக் கிளைமரம் ஒன்றையும் எடுத்துக்காட்டுகிறது: வேர்க் கணுவின் சுட்டி தொலைந்தால் வேர் உறுதியாக இழந்தது, கிளைக் கணுக்கள் அனைத்தும் மறைமுகமாக இழந்தவை.

பயன்: இந்த விளக்கம் திருத்தும் வரிசையையே தீர்மானிக்கிறது. வேரின் கசிவைச் சரிசெய்தால் கிளைகளின் கசிவும் பெரும்பாலும் தீரும். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட அறிக்கையிலும் நிரலாளர் முதலில் பார்க்க வேண்டியவை உறுதியாக இழந்த தொகுதிகளே. அறிக்கையைச் சரியாகப் படிக்கக் கற்றுத்தரும் ஆவணம், பிழைதிருத்தக் கருவியின் இன்றியமையாத உறுப்பு.