பட்டமும் பெயரும்: மலேசிய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரலாற்றுச் சிக்கல்

மலேசிய ஆளுமை ஒருவரைப் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத முனைபவர் முதல் வரியிலேயே ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்: பட்டம் எங்கே முடிகிறது, பெயர் எங்கே தொடங்குகிறது? பதிப்புநடை பற்றிய சிறு ஐயமாகத் தோன்றும் இதற்குள் பல நூற்றாண்டு அரசியல் வரலாறு அடங்கியிருக்கிறது.

‘டத்தோ’ என்னும் சொல்லின் மூத்த வடிவமான ‘டாத்து’ 7ஆம் நூற்றாண்டுப் பழைய மலாய்க் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. பாங்கா தீவில் கிடைத்த கோத்தா காப்பூர் கல்வெட்டு (686) ஸ்ரீவிஜயத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட தலைவர்களை அச்சொல்லால் சுட்டுகிறது. இன்றைய மலாயில் அதே சொல் தாத்தாவையும் குறிக்கும். பட்டங்களில் வரும் ‘ஸ்ரீ’, ‘மகாராஜா’, ‘பாதுகா’ ஆகியவை சமஸ்கிருதக் கொடை. கடற்படைத் தலைவரைக் குறித்த ‘லக்சமானா’ இராமாயணத்து இலக்குவனின் பெயரே. தலைமை அமைச்சரைக் குறித்த ‘பெண்டஹாரா’ நம் ‘பண்டாரம்’ என்னும் சொல்லுக்கு உறவு.

சொல் மாறாமல் பொருள் மாறுவதும் உண்டு. மலாக்கா சுல்தானகத்தில் ‘துன்’ என்பது உயர்குடிப் பிறப்பின் அடையாளம். 15ஆம் நூற்றாண்டின் பெண்டஹாரா துன் பேராக் அவ்வகையினர். 1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1958இல் கூட்டரசு விருது வரிசை உருவாக்கப்பட்டபோது, அதே சொல் மாமன்னர் வழங்கும் மிக உயர்ந்த பட்டமாயிற்று. துன் பேராக்கின் ‘துன்’ பிறப்பால் அமைந்தது. துன் சம்பந்தனின் ‘துன்’ விருதால் வந்தது. இரண்டையும் ஒரே விதியின் கீழ் அடைவுபடுத்தும் பதிப்பாளர் ஒரு சமூக மாற்றத்தையே மறைத்துவிடுகிறார்.

இன்று கூட்டரசு ‘துன்’, ‘டான்ஸ்ரீ’, ‘டத்தோ’ ஆகிய பட்டங்களை வழங்குகிறது. ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்களும், மலாக்கா, பினாங்கு, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆளுநர்களும் தனித்தனியே பட்டமளிக்கின்றனர். பரம்பரை ஆட்சியாளர் அளிப்பதை மேற்குறி இட்டும், கூட்டரசு அளிப்பதை இறுதியில் ககர எழுத்து இட்டும் எழுதுவது மலாய் வழக்கு. மாநில ஆளுநர்களிடையே பினாங்கு முந்தைய வடிவத்தைக் கையாள்கிறது. சொல்லின் இறுதியில் வரும் ககரத்தை மலாயர் குரல்வளை அடைப்பொலியாகவே ஒலிப்பதால் செவிக்கு இரண்டும் ஒன்றே. தமிழில் இரண்டும் ‘டத்தோ’ என்றே எழுதப்படுகின்றன. வழங்கியவர் யார் என்ற செய்தி எழுத்துப்பெயர்ப்பிலேயே நழுவிவிடுகிறது. இந்தி நடிகர் ஷாருக் கானுக்கு 2008இல் மலாக்கா மாநிலம் அளித்த பட்டமும் கூட்டரசு அளிக்கும் பட்டமும் தமிழ் வாசகருக்கு ஒரே தோற்றத்தில் வந்து சேர்கின்றன.

காலக் குழப்பம் இதனினும் கடியது. நடிகரும் இயக்குநரும் பாடகருமான பி. ரம்லி 1973இல் மறைந்தார். ‘டான்ஸ்ரீ’ பட்டம் அவருக்கு 1990இல்தான் வந்தது. “1955இல் டான்ஸ்ரீ பி. ரம்லி முதல் படத்தை இயக்கினார்” என்னும் வாக்கியம் மரியாதையாக ஒலித்தாலும் வரலாறாகப் பிழையானது. அவரது இயற்பெயர் தெயுக்கு சக்கரியா பின் தெயுக்கு ஞாக் புத்தே. ‘பி’ என்பது தந்தை பெயரின் இறுதிச் சொல்லான ‘புத்தே’. முதலில் உள்ள ‘தெயுக்கு’ ஆச்சே நாட்டு உயர்குடிப் பட்டம்; அது பிறப்போடு வந்தது. ஆகவே பிறப்புவழிப் பட்டமும் விருதுவழிப் பட்டமும் வெவ்வேறு நடத்தைக்குரியவை. மலாயாவின் முதல் பிரதமரிடமிருந்து ‘துங்கு’வை நீக்கினால், அந்நாட்டு மக்கள் அவரை அழைத்த பெயரே போய்விடும்.

பெயர்களின் அமைப்பும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகிறது. மகாதீர் பின் முகமதுவை இரண்டாம் முறை சுட்டும்போது ‘முகமது’ என்றெழுதினால் அவர் தந்தையைப் பற்றி எழுதியதாகும். டான் செங் லாக் என்பதில் முதலில் நிற்பதே குடும்பப்பெயர். அது ஹொக்கியன் ஒலிப்பு. மாண்டரின் ஒலிப்பில் அதே எழுத்து ‘சென்’ ஆகிவிடும். அடைவில் ஒருவரே இருவராகத் தோன்றும் இடம் இது. போதாக்குறைக்கு ‘டான்’ என்னும் குடும்பப்பெயரும் ‘டான்ஸ்ரீ’ என்னும் பட்டமும் தோற்றத்தால் மயக்குகின்றன.

தமிழ்ப் பெயரும் எளிதன்று. வீ. தி. சம்பந்தன் என்பதில் இரண்டு முன்னெழுத்துகள் உள்ளன. ‘வீ’ தந்தை வீராசாமியின் பெயர்; ‘தி’யோ அவரது சொந்தப் பெயரான திருஞானசம்பந்தனின் முதற்பாதி. ‘வி. டி.’ என்று ஆங்கில எழுத்துகளை அப்படியே ஒலிபெயர்த்தால், தேவார முதலிகளுள் ஒருவரின் பெயர் அங்கிருந்தது என்பதற்கான தடயமே அழிகிறது.

பெண்களின் பட்டங்களில் பிழை அநீதியாகவே முடியும். துன் பட்டம் பெற்றவரின் மனைவி ‘தோ புவான்’, டான்ஸ்ரீயின் மனைவி ‘புவான்ஸ்ரீ’, டத்தோவின் மனைவி ‘டத்தின்’. பட்டம் பெற்ற பெண்ணின் கணவருக்கு இத்தகைய பட்டம் எதுவும் இல்லை. மருத்துவர் சித்தி ஹஸ்மா ‘துன்’ என்றே அழைக்கப்படுகிறார். அப்பட்டம் அவருக்கே 2003இல் வழங்கப்பட்டது. அவரைத் ‘தோ புவான்’ என்று எழுதுவது, அவர் ஈட்டியதைக் கணவர் கணக்கில் சேர்ப்பதாகும்.

இவற்றிலிருந்து சில நெறிகள் தெளிகின்றன. விருதுவழிப் பட்டத்தைக் கட்டுரைத் தலைப்பிலும் தொடர்ந்து வரும் வாக்கியங்களிலும் தவிர்க்கலாம். வழங்கியவர், ஆண்டு ஆகிய விவரங்களோடு உரிய இடத்தில் ஒருமுறை பதியலாம். பிறப்புவழிப் பட்டத்தைப் பெயரின் பகுதியாகக் கொள்ளலாம். முழுப்பெயரை அவரவர் சமூகத்தின் எழுத்துமுறையில் ஒருமுறை தந்து, பின்னர் அவரவர் மரபுப்படி சுட்டலாம்.

பட்டமின்றி எழுதுவது அவமதிப்பு என்ற மறுப்பு மலேசியாவில் வலுவானது. அங்குள்ள தமிழ் நாளிதழ்களும் பட்டங்களை விடாமல் எழுதுகின்றன. மலாய் வினைச்சொல் மரியாதையைக் காட்டுவதில்லை. அதற்கு ‘பெலியாவ்’ என்னும் தனிப் பதிலிப்பெயரும் பட்டமும் தேவைப்படுகின்றன. தமிழ் வினைமுற்றோ அதைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. “சம்பந்தன் பேசினார்” என்பதில் மரியாதை ஏற்கெனவே நிறைவாக உள்ளது. எனவே மரியாதை குறையாமலே, பட்டத்தை அதற்குரிய ஆண்டில் வைத்துக் காட்டும் வசதி தமிழில் எழுதும் பதிப்பாளருக்கு உண்டு.