விப்ரியோ கொலரே: போட்டியில் விழிக்கும் பரம்பரையலகுகள்

விப்ரியோ கொலரே வாந்திபேதியை உண்டாக்கும் பற்றீரியா. மனிதக் குடலில் அது தங்குவது சில நாட்கள்தான். நிலையாக வாழ்வது கழிமுகத்திலும் உவர்நீரிலும். அங்கே இறாலுக்கு உறவான சிறு மிதவை உயிரிகளின், கைற்றின் என்ற பொருளாலான ஓட்டில் ஒட்டிப் படர்கிறது. அந்த ஓட்டில் இடம்பிடிக்க வேறு பற்றீரியாக்களும், தன் இனத்திலேயே வேறு வகைகளும் முண்டியடிக்கின்றன.

இப்போட்டியில் அதன் ஆயுதம் ஆறாம் வகைச் சுரப்புத் தொகுதி. இது இந்தப் பற்றீரியாவில் 2006இல் அடையாளம் காணப்பட்டது. கலத்துக்குள் நீண்டு கிடக்கும் புரத உறை 5 மில்லிசெக்கனுக்குள் சுருங்கி, உள்ளிருக்கும் கூரிய குழலை வெளியே உந்துகிறது. ஒட்டிநிற்கும் அயல் கலம் குத்துப்படுகிறது. குழலோடு போகும் நஞ்சுப் புரதங்களில் ஒன்று கலச்சுவரை அரிக்கும், ஒன்று மென்சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும், இன்னொன்று மென்சவ்வைத் துளைக்கும். ஒவ்வொரு நஞ்சுக்கும் முறிப்புரதம் உண்டு. அதே முறிப்புரதத் தொகுதியை உடைய உறவுக் கலம் பிழைக்கும், இல்லாதது மடியும். சுருங்கிய உறையின் துண்டுகள் பிரிக்கப்பட்டு அடுத்த தாக்குதலுக்கு மீண்டும் கோக்கப்படுகின்றன.

இந்தப் பற்றீரியாவின் எல் தோர் என்ற வகையில் இத்தொகுதியை ஆக்கும் பரம்பரையலகுகள் எந்நேரமும் இயங்குவதில்லை; சாதாரண ஆய்வுகூட வளர்ப்பில் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். கைற்றின் உணரப்படும்போது டிஎஃப்ஓஎக்ஸ் என்ற புரதம் பெருகும். கலங்கள் நெருங்கிக் கூடும்போது ஹாப்ஆர் என்ற புரதம் பெருகும். இரண்டும் சேர்ந்தால்தான் தாக்குதல் தொடங்கும். அதே ஆணை, வெளியே கிடக்கும் டிஎன்ஏயை உறிஞ்சும் பரம்பரையலகுகளையும் இயக்குகிறது. கொல்வதன் பெரும் ஆதாயம் இங்கேதான் இருக்கிறது: எதிரியின் உடைந்த கலத்திலிருந்து வழியும் டிஎன்ஏ கொன்றவனுக்குச் சேர்கிறது. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் மெலனி புளொக்கெஷ் குழுவினர் 2015இல் இதை நிறுவினர்.

தமிழருக்கு இதில் நேரடி வரலாறு ஒன்றுண்டு. 1992இல் சென்னையில் ஓ139 என்ற புதுவகை வாந்திபேதி தலைகாட்டியது. பழைய ஓ1 வகைக்கு (எல் தோரும் இதில் அடங்கும்) எதிராகப் பெற்றிருந்த நோயெதிர்ப்பு அதனிடம் பலிக்கவில்லை; வளர்ந்தவர்களும் பெருமளவில் வீழ்ந்தனர். சில மாதங்களில் அது வங்காளதேசம்வரை பரவி, ஓ1ஐச் சிலகாலம் ஒதுக்கித் தள்ளியது. ஆராய்ந்தபோது அது எல் தோர் வழிவந்ததே என்பதும், மேற்பரப்புச் சர்க்கரையை ஆக்கும் பரம்பரையலகுக் கூட்டம் மட்டும் பெயர்ந்து வேறொன்று பதிந்திருப்பதும் தெரிந்தன. 2007இல் புளொக்கெஷும் கரி ஸ்கூல்னிக்கும் கைற்றின் மேற்பரப்பில் ஓ1 பற்றீரியாவை, வெளி டிஎன்ஏயை உறிஞ்சவிட்டு, ஓ139 ஆக மாற்றிக் காட்டினர். சென்னை வகை உருவான வழி இதுவே என்று அது மெய்ப்பிக்கவில்லை; ஆனால் பொருத்தமான ஒரு விளக்கமாக நிற்கிறது.

எல் தோருக்கு முன்பு ஆண்ட கிளாசிக்கல் வகையில் ஆறாம் வகைச் சுரப்புத் தொகுதியின் பரம்பரையலகுகள் சிதைந்துள்ளன என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. 1960களிலிருந்து எல் தோர் அதன் இடத்தைப் பிடித்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணமாகலாம்.