ஃபைல் ஓடியது, லாரி நின்றது



"ஆன்லைன் வந்ததுக்கு அப்புறம் எல்லாமே ஈஸி" என்று நாம் தினமும் கேட்கிறோம். கரண்ட் பில், ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட் என்று பார்த்தால் உண்மைதான். ஆனால் இப்படி மிச்சமாகும் நேரம் யாருடைய கணக்கில் போய்ச் சேருகிறது என்று நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. அதை யோசிக்க வைக்கும் ஒரு வரலாறு எங்கள் வடசென்னையிலேயே இருக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கடலோரச் சாலையில் ஹார்பருக்குள் போகக் காத்துக் கிடந்த கன்டெய்னர் லாரிகளின் கதை அது.

கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. ஒரு காலத்தில் கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும், மசூலா படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கைக் கொண்டுவரும். 1876-ல் கட்டத் தொடங்கிய துறைமுகம் முடியப் போகிற நேரத்தில் 1881 புயல் வந்து உடைத்துப் போட்டது. 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் அது உருப்படியானது. பிறகு 1983 டிசம்பரில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. மூட்டை மூட்டையாக இறக்கிய சரக்கைப் பெட்டி பெட்டியாக இறக்கினால், நாள் கணக்கில் நின்ற கப்பல் மணிக் கணக்கில் கிளம்பிவிடும். ஆக, முதலில் நேரம் மிச்சமானது கப்பலுக்கு.

பெட்டி சீக்கிரம் இறங்கினாலும் பேப்பர் சீக்கிரம் நகரவில்லை. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் அன்று நடந்ததைப் பாருங்கள். இறக்குமதியாளர் சார்பில் கிளியரிங் ஏஜென்ட் 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற படிவத்தைத் தாக்கல் செய்வார். அதற்கு ஒரு நம்பர் வாங்க ஒரு மேஜை. சரக்கு என்ன, விலை சரியா, எத்தனை சதவீத வரி என்று அப்ரைசர் பார்க்க இன்னொரு மேஜை. பிறகு தணிக்கை, அப்புறம் வரி கட்ட பேங்க் கவுண்டர். கடைசியில் டாக்கில் பெட்டியைத் திறந்து பரிசோதனை. இதில் ஒரு மேஜைக்காரர் லீவு போட்டாலும் ஃபைல் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவதையே வேலையாகச் செய்தவர்கள் இருந்தார்கள்.

இதைத்தான் கம்ப்யூட்டர் மாற்றியது. உலகத்துக்கு வழி காட்டியது சிங்கப்பூர். 1989-ல் அவர்கள் 'டிரேட்நெட்' கொண்டுவந்தபோது, நாள் கணக்கில் ஆன பெர்மிட் நிமிடக் கணக்குக்கு வந்தது. இந்தியாவில் 1995-ல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கிய சுங்கக் கம்ப்யூட்டர் முறை மெல்ல மெல்ல எல்லாத் துறைமுகங்களுக்கும் பரவியது. ஆரம்பத்தில் அதிலும் ஒரு தமாஷ் உண்டு. கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவதற்கே சர்வீஸ் சென்டர் வாசலில் வரிசை நிற்கும்! பிறகு 'ஐஸ்கேட்' இணையதளம் வழியாக ஏஜென்ட் தன் ஆபீஸில் உட்கார்ந்தே தாக்கல் செய்ய முடிந்தது. 2005-ல் வந்த ரிஸ்க் மேனேஜ்மென்ட் முறை, எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும், எதைத் திறக்காமலே அனுப்பலாம் என்று பிரித்துக் கொடுத்தது. உணவு, மருந்து, செடிகொடி சம்பந்தப்பட்ட துறைகளின் அனுமதியெல்லாம் 2016 ஏப்ரலில் ஒரே ஜன்னலுக்கு வந்தது. 2018-ல் 'இ-சஞ்சித்' வந்து, பேப்பரை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும் என்றானது. 2020 ஜூன் 8 அன்று முகமில்லா மதிப்பீடு முதல்முதலாகத் தொடங்கிய இடங்களே சென்னையும் பெங்களூரும்தான். சென்னைக்கு வந்த இயந்திரத்துக்கு வரி எவ்வளவு என்று பெங்களூரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். யார் பார்க்கிறார் என்று இறக்குமதியாளருக்குத் தெரியாது. இது சாதாரண சாதனை இல்லை. மேஜை மேஜையாக அலைந்த தலைமுறையைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

சரி, அதே காலத்தில் வெளியே ரோட்டில் என்ன நடந்தது?

சென்னைத் துறைமுகம் நகரத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பகலில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் கட்டுப்பாடு. எனவே கன்டெய்னர் லாரிகளுக்கு முக்கிய வழி, வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் வந்து ராயபுரம் பக்கம் ஜீரோ கேட் வழியாக நுழைவது. (அதற்கு விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.) ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகள். 2009-ல் இரண்டாவது கன்டெய்னர் முனையமும் வந்தது. ஆண்டுக்கு 15 லட்சம் அளவில் பெட்டிகள், அதாவது 20 அடிக் கணக்கில். இவ்வளவுக்கும் பெரும்பாலும் அந்த ஒரே கடலோர வழி.

2010-களின் முதல் பாதியில் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. ஒரு லாரி உள்ளே போக இரண்டு மூன்று நாள் ஆனதாகச் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தது. காரணம் ஒன்றிரண்டு இல்லை. கேட்டில் டிரைவர் பாஸ், பெட்டி நம்பர், சீல் எல்லாவற்றையும் ஆள் நின்று பார்க்க வேண்டும். உள்ளே முனையத்தில் இடமில்லாவிட்டால் வெளியே எல்லாம் நின்றுவிடும். சாலையை அகலப்படுத்தும் எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டமோ வருடக்கணக்கில் இழுத்தது. அந்தத் தாமதத்துக்குக் கடலோரக் குடும்பங்களைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வலை உலர்த்தும் இடத்தில் ரோடு போடுகிறேன் என்றால் மாற்று வீடு எங்கே என்று கேட்கத்தானே செய்வார்கள்?

நின்ற டிரைவர்களுக்கு லாரியை விட்டு நகர முடியாது. முன்னால் வண்டி பத்தடி நகர்ந்தால் இவரும் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். ஆகவே தூக்கமும் இல்லை. குளிக்க, கழிப்பிடம் போக வசதி கிடையாது. சாலையோர மக்களுக்கோ வாசலில் எப்போதும் டிரெய்லர், புகை, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வர முடியாத பயம்.

இங்கேதான் ஒரு பி.காம். மாணவனுக்கு மூக்கு வேர்க்கும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஐடில் டைம்' என்று ஒரு பாடம் உண்டு. இயல்பாக வீணாகும் நேரத்தை உற்பத்திச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். அசாதாரணமாக வீணானதைக் காஸ்டிங் லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். எப்படியானாலும் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு, கணக்கில் அது எங்காவது தெரியும். துறைமுகத்திலும் பெட்டி இலவச நாட்களைத் தாண்டித் தங்கினால் டெமரேஜ் விழும். கப்பல் கம்பெனியின் காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன் விழும். ஆனால் லாரி டிரைவருக்குப் பொதுவாக டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. மாதம் பத்து டிரிப் அடிக்க வேண்டியவர் ஐந்து அடித்தால் வருமானம் பாதி. அவர் வரிசையில் நின்ற நேரத்துக்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது. பில் வராத செலவைக் குறைக்க யார் அவசரப்படுவார்கள்?

அரசாங்கத்தின் அளவுகோலையும் பாருங்கள். சுங்கத் துறை ஆண்டுதோறும் 'டைம் ரிலீஸ் ஸ்டடி' வெளியிடுகிறது. கடல்வழி இறக்குமதியை 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்பது 2020–23 செயல்திட்டத்தின் இலக்கு. நல்ல விஷயம்தான். ஏற்றுமதியில் சுங்க அனுமதி கிடைக்கும் நேரம் வேறு, சரக்கு உண்மையில் கப்பலில் கிளம்பும் நேரம் வேறு என்று அந்த அறிக்கைகளே பிரித்துக் காட்டுகின்றன. பெரும்பகுதி நேரம் அனுமதி கிடைத்த பிறகுதான் போகிறது. ஆனாலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது சரக்கு சுங்க நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு. எர்ணாவூரிலோ திருவொற்றியூரிலோ ரோட்டில் நிற்கும் லாரி இன்னும் வந்தே சேரவில்லை!

இதற்கும் ஆன்லைனில் வழி இருக்கிறது என்பதுதான் விசேஷம். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் போர்ட் பாட்டனி துறைமுகத்திலும் இதே லாரி வரிசைப் பிரச்சினை இருந்தது. லாரிக்காரர் ஆன்லைனில் நேரம் பதிவு செய்துகொண்டு வர வேண்டும் என்பது பல நாடுகளில் இருக்கும் முறைதான். அங்கே 2011-ல் ஒரு படி மேலே போனார்கள். பதிவு செய்த நேரத்தைத் தவறவிட்டால் லாரிக் கம்பெனி முனையத்துக்கு அபராதம் கட்ட வேண்டும். லாரியை அளவுக்கு மீறி முனையம் காக்க வைத்தால், முனையம் லாரிக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். லாரி நின்ற நிமிடத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது.

நம் ஊரில் சாலை அகலமானது. ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு 2017 கடைசியில் எலக்ட்ரானிக் சீல் வந்தது. பெட்டியில் ஒட்டிய டேக்கை வைத்து அது எங்கே இருக்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். முன்பு போல் மூன்று நாள் வரிசை வழக்கமாக இல்லை என்றாலும், வரிசை அடியோடு ஒழியவும் இல்லை. முனையத்தில் ஒரு நாள் கிரேன் படுத்தால், ஒரு புயல் வந்தால், அன்று மாலையே சாலையில் தெரியும்.

உங்கள் வீட்டில் அப்பாவோ அண்ணனோ மாமாவோ ஹார்பர் லைனில் வண்டி ஓட்டினால், கேட்டுக்கு முன்னால் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் நின்றார்கள், அந்த டிரிப்புக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதுங்கள். தேதி நினைவிருந்தால் அதையும் சேர்த்து.