பிளாஷ் ஒளிப்படத்தில் ஒளியளவுக் கட்டுப்பாடு

பிளாஷ் ஒளியளவுக் கட்டுப்பாடு என்பது, பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தி ஒளிப்படம் எடுக்கும்போது படச்சுருளின் மீதோ மின்னணு உணரியின் மீதோ விழும் ஒளியின் அளவைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். எக்ஸ்போசர் எனப்படும் இவ்வொளியளவு, வழக்கமான வெளிச்சத்தில் படம் எடுக்கும்போது வில்லைத் துளையின் அளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எண் ஆகிய மூன்று அமைப்புகளால் கட்டுப்படுத்தப்படுகிறது. மின்னணு பிளாஷைப் பயன்படுத்தும்போது, ஷட்டர் வேகம் பிளாஷ் ஒளியைப் பொறுத்தவரை பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. அதற்கு மாறாக, விளக்குக்கும் படப்பொருளுக்கும் இடையிலான தொலைவு, விளக்கு உமிழும் ஒளியின் அளவு ஆகிய இரண்டு காரணிகள் புதிதாகச் சேர்கின்றன. முகம் வெளிறியும் பின்னணி கருத்தும் அமையும் படங்கள் பலவும் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாமையால் உண்டாகின்றன.

இருவகை ஒளி

பிளாஷ் பயன்படுத்தி எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு ஒளிப்பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்கின்றன. ஒன்று, சூரியன், அறை விளக்கு போன்றவற்றிலிருந்து வரும் சூழலொளியால் உண்டாவது. மற்றொன்று பிளாஷ் ஒளியால் உண்டாவது.

சூழலொளி, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் உணரியில் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இருமடங்காக்கினால் அதன் பதிவும் இருமடங்காகும். பிளாஷ் ஒளி அவ்வாறானதன்று. கையடக்கமான மின்னணு பிளாஷ் ஒன்று முழுத்திறனில் ஒளிரும் நேரம் ஏறத்தாழ 1/1000 நொடி மட்டுமே. குறைந்த திறனில் இது 1/20000 நொடிக்கும் குறைவாக இருக்கலாம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தாலும் 1/15 நொடி திறந்திருந்தாலும் பிளாஷ் ஒளி முழுவதும் அதற்குள் வந்து முடிந்துவிடும். எனவே அதன் பதிவில் மாற்றம் ஏற்படுவதில்லை.

வில்லைத் துளையும் ஐஎஸ்ஓ எண்ணும் இருவகை ஒளியையும் ஒரே அளவில் பாதிக்கும். ஷட்டர் வேகம் சூழலொளியை மட்டும் பாதிக்கும். பிளாஷின் திறனும் தொலைவும் பிளாஷ் ஒளியை மட்டும் பாதிக்கும். பிளாஷ் ஒளியளவுக் கட்டுப்பாட்டின் அடிப்படை இதுவேயாகும்.

தொலைவின் விளைவு

சிறிய ஒளிமூலம் ஒன்றிலிருந்து பரவும் ஒளியின் செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும். இது எதிர்த்தகவு இருமடி விதி எனப்படும். பிளாஷிலிருந்து 2 மீட்டரில் நிற்பவர் பெறும் ஒளியில் நான்கில் ஒரு பங்கையே 4 மீட்டரில் நிற்பவர் பெறுவார். 8 மீட்டரில் உள்ள சுவருக்குப் பதினாறில் ஒரு பங்கே கிடைக்கும். ஒளிப்படவியலில் ஒளி பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்பர். இதன்படி அச்சுவர், 2 மீட்டரில் நிற்பவரைவிட 4 ஸ்டாப் குறைவான ஒளியைப் பெறுகிறது. முகத்துக்குச் சரியாக ஒளியளவை அமைத்தால் சுவர் ஏறத்தாழக் கருமையாகவே பதிவாகும். பின்னணி இருண்டுபோவது கருவியின் குறைபாடு அன்று; அது இவ்விதியின் நேரடி விளைவு.

குழுப் படங்களில் முன்வரிசையினர் வெளிறியும் பின்வரிசையினர் இருண்டும் தோன்றுவதும் இதனாலேயே. பிளாஷைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினால் இவ்வேறுபாடு குறையும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால், பின்வரிசை பெறும் ஒளி முன்வரிசையினுடையதில் பாதிக்கும் குறைவு. அவ்வரிசைகள் 5 மீட்டரிலும் 6 மீட்டரிலும் இருந்தால், பின்வரிசை ஏறத்தாழ 70 விழுக்காடு ஒளியைப் பெறும்.

வழிகாட்டி எண்

பிளாஷ் விளக்கின் திறனை வழிகாட்டி எண் என்னும் அளவால் குறிப்பிடுவர். சரியான ஒளியளவைத் தரும் எஃப் எண்ணையும், விளக்கிலிருந்து படப்பொருளுக்கு உள்ள தொலைவையும் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். இது பொதுவாக ஐஎஸ்ஓ 100க்கு மீட்டர் அளவில் தரப்படுகிறது. வழிகாட்டி எண்ணைத் தொலைவால் வகுத்தால், அமைக்கவேண்டிய எஃப் எண்ணைப் பெறலாம். வழிகாட்டி எண் 40 கொண்ட விளக்குக்குப் பின்வரும் அளவுகள் பொருந்தும்:

- 2.5 மீட்டர் – எஃப்/16
- 3.6 மீட்டர் – எஃப்/11
- 5 மீட்டர் – எஃப்/8
- 7.1 மீட்டர் – எஃப்/5.6
- 10 மீட்டர் – எஃப்/4

ஐஎஸ்ஓ எண்ணை நான்கு மடங்காக்கினால் வழிகாட்டி எண் இருமடங்காகும். ஐஎஸ்ஓ 400இல் மேற்கண்ட விளக்கின் வழிகாட்டி எண் 80 ஆகும். விளக்கின் திறனை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் வழிகாட்டி எண் பாதியாகும். ஒளிப்படக்கருவியுடன் இணைந்த சிறிய பிளாஷ்களின் வழிகாட்டி எண் பெரும்பாலும் 12ஐ ஒட்டியே இருக்கும். ஐஎஸ்ஓ 100இல் எஃப்/4 துளைக்கு அதன் எல்லை 3 மீட்டர் மட்டுமே. விளையாட்டரங்கின் இருக்கையில் அமர்ந்து இத்தகைய பிளாஷால் மைதானத்தை ஒளியூட்ட முடியாது என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

இங்குத் தொலைவு என்பது விளக்கிலிருந்து அளக்கப்படுவதேயன்றி ஒளிப்படக்கருவியிலிருந்து அளக்கப்படுவதன்று. விளக்கைத் தனியே பிரித்து வைக்கும்போது இது முதன்மை பெறுகிறது. மேலும், வழிகாட்டி எண்கள் ஒளி தெறிக்கும் சுவர்களும் கூரையும் கொண்ட அறைகளையே கருத்தில் கொண்டவை. இரவில் திறந்த வெளியில் படம் எடுக்கும்போது கணக்கிட்டதைவிட அதிக ஒளி தேவைப்படலாம்.

வரலாறு

1887ஆம் ஆண்டு செருமனியில் அடால்ஃப் மீத்த, யோகான்னசு கேடிக்கெ ஆகியோர் மக்னீசியம் கலந்த பிளாஷ் தூளை உருவாக்கினர். நியூயார்க் நகரின் ஏழ்மைக் குடியிருப்புகளின் இருண்ட உட்புறங்களைப் படம்பிடிக்க யேக்கப் ரீசு இத்தகைய தூளைப் பயன்படுத்தினார். அப்படங்களை அடிப்படையாகக் கொண்ட அவரது நூல் 1890இல் வெளிவந்தது. தூளின் அளவே அன்று ஒளியளவைக் கட்டுப்படுத்தும் வழியாக இருந்தது. தீவிபத்துக்கும் அது இடமளித்தது.

1920களின் இறுதியில் விற்பனைக்கு வந்த பிளாஷ் குமிழ்கள், உலோகப் படலத்தையோ கம்பியையோ கண்ணாடிக்குள் எரித்து ஒளி தந்தன. இவை பல மில்லிநொடிகள் எரிந்தமையால், விரைவான ஷட்டர் வேகங்கள் குமிழின் ஒளியில் ஒரு பகுதியை வெட்டிவிடும். ஆகவே குமிழ்களின் வழிகாட்டி எண் ஷட்டர் வேகத்துக்கேற்ப வேறுபட்டது.

1930களில் அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் அரால்டு எட்சர்ட்டன் மின்னணு பிளாஷை மேம்படுத்தினார். மின்தேக்கியில் சேமித்த ஆற்றல், வளிமம் நிரப்பிய குழாயின் வழியே நொடிப்பொழுதில் பாயும்போது ஒளி உண்டாகிறது. துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைப்பதைக் காட்டும் அவரது 1964ஆம் ஆண்டுப் படம் புகழ்பெற்றது. எந்த ஷட்டரும் அவ்வளவு விரைவாக இயங்காது. இத்தகைய படங்களில், இருண்ட அறையில் பிளாஷ் ஒளிரும் கால அளவே ஷட்டரின் வேலையைச் செய்கிறது.

ஷட்டரும் ஒத்தியங்கு வேகமும்

வில்லை மாற்றத்தக்க ஒளிப்படக்கருவிகள் பலவற்றில் உணரிக்கு முன்னால் இரண்டு திரைகள் கொண்ட ஷட்டர் உள்ளது. முதல் திரை விலகி உணரியைத் திறக்கும். இரண்டாம் திரை தொடர்ந்து வந்து மூடும். வேகம் மிகும்போது, முதல் திரை முழுவதும் விலகுவதற்கு முன்பே இரண்டாம் திரை புறப்பட்டுவிடும். அந்நிலையில் பிளாஷ் ஒளிர்ந்தால் படத்தின் ஒரு பகுதியில் மட்டுமே அதன் ஒளி பதியும். எஞ்சிய பகுதி கரும்பட்டையாகத் தோன்றும். உணரி முழுவதும் ஒரே வேளையில் திறந்திருக்கும் மிகவிரைவான வேகம் ஒத்தியங்கு வேகம் எனப்படும். துணித்திரை கொண்ட பழைய கருவிகள் பலவற்றில் இது 1/60 நொடி. 1983இல் வெளிவந்த நிக்கான் எஃப்ஈ2 கருவியில் 1/250 நொடி. வில்லைக்குள் அமைந்த இதழ் ஷட்டர்களில் இவ்வரம்பு இல்லை.

உயர்வேக ஒத்தியக்கம் என்னும் முறையில், திரைகள் நகரும் நேரம் முழுவதும் பிளாஷ் விரைவாக விட்டுவிட்டு ஒளிர்கிறது. அப்போது பிளாஷ் ஒளி தொடர்ச்சியான ஒளியைப் போன்றே செயல்படுவதால், ஷட்டர் வேகம் அதனையும் பாதிக்கும். விளக்கின் எல்லையும் பெரிதும் குறையும். 2023ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III கருவியின் உணரி, எல்லாப் புள்ளிகளையும் ஒரே வேளையில் பதிவுசெய்வதால் இச்சிக்கலைத் தவிர்க்கிறது.

தானியங்கு முறைகள்

தொடக்ககாலத் தானியங்கு பிளாஷ்களில் விளக்கிலேயே ஓர் ஒளியுணரி இருந்தது. படப்பொருளிலிருந்து போதிய ஒளி திரும்பி வந்ததும் அது விளக்கை அணைத்துவிடும். எஞ்சிய ஆற்றல் முதலில் வீணாக்கப்பட்டது. பின்னர் தைரிஸ்டர் சுற்றுகள் அதனை மின்தேக்கியிலேயே காத்தன.

வில்லையின் வழியே வரும் ஒளியை அளப்பது டிடிஎல் முறை. 1975இல் வெளிவந்த ஒலிம்பசு ஓஎம்-2 கருவி, படச்சுருளின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியை அளந்து பிளாஷை நிறுத்தியது. மின்னணு உணரிகள் படச்சுருளைப் போன்று ஒளியைத் தெறிப்பதில்லை. ஆதலால் எண்ணிமக் கருவிகளில், ஷட்டர் திறப்பதற்கு முன் சிறிய முன்னொளி ஒன்றை வீசி அளக்கும் முறை பரவியது. கேனன் நிறுவனம் 1995இல் அறிமுகப்படுத்திய ஈ-டிடிஎல், நிக்கான் நிறுவனம் 2003இல் அறிமுகப்படுத்திய ஐ-டிடிஎல் ஆகியவை இவ்வகையின.

இம்முறைகளும் படப்பொருளின் இயல்பு நிறத்தை அறிவதில்லை. இடைநிலைச் சாம்பல் நிறத்தை அடிப்படையாகக் கொண்டே அளக்கின்றன. வெள்ளை உடை படத்தை நிரப்பினால் பிளாஷ் முன்னதாகவே அணைந்து உடை சாம்பலாகத் தோன்றும். கறுப்பு உடை நிரப்பினால் ஒளி மிகுந்து முகம் வெளிறும். பிளாஷ் ஈடுசெய்தல் என்னும் அமைப்பால், முதல் நிலையில் ஒளியைக் கூட்டியும் இரண்டாம் நிலையில் குறைத்தும் இதனைச் சரிசெய்யலாம்.

சூழலொளியுடன் சமன்செய்தல்

அறையின் சூழலும் படத்தில் தெரியவேண்டுமாயின், முதலில் பின்னணிக்கு ஏற்ற ஷட்டர் வேகத்தை அமைத்து, அதன்பின் முகத்துக்கு ஏற்ப பிளாஷின் திறனை அமைப்பர். 1/200 நொடியிலிருந்து 1/25 நொடிக்குச் சென்றால் பின்னணி 3 ஸ்டாப் வெளிச்சம் பெறும். பிளாஷால் ஒளியூட்டப்பட்ட முகம் ஏறத்தாழ மாறாது. எனினும் படப்பொருள் அசைந்தால் சூழலொளியில் மங்கலான தடம் பதியும். இரண்டாம் திரை மூடுவதற்குச் சற்று முன் பிளாஷை ஒளிரச் செய்தால், அத்தடம் நகரும் பொருளுக்குப் பின்னால் இயல்பாக அமையும்.

பகல் வெயிலில் முகத்தில் விழும் கடும் நிழலைக் குறைக்கவும் பிளாஷ் பயன்படுகிறது. இந்நிரப்பொளியைச் சூழலொளியைவிட 1 முதல் 2 ஸ்டாப் குறைவாக அமைப்பது வழக்கம்.

தெறிப்பொளி

விளக்கின் தலையை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால், கூரையே பரந்த ஒளிமூலமாகி மென்மையான ஒளியைத் தரும். இங்குத் தொலைவு, விளக்கிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து படப்பொருளுக்கும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகையாகும். கூரை ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதாலும், ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதாலும் துளையை 2 ஸ்டாப் அளவேனும் கூடுதலாகத் திறக்க நேரலாம். நிறமுள்ள கூரை தன் நிறத்தைப் படத்திலும் ஏற்றும்.

பொதுவான பிழைகளும் திருத்தமும்

- படப்பொருள் வெளிறியிருத்தல்: பிளாஷின் திறனைக் குறைக்கவேண்டும், அல்லது விளக்கைத் தள்ளி வைக்கவேண்டும். ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதால் பயனில்லை.
- படப்பொருள் இருண்டிருத்தல்: தொலைவு விளக்கின் எல்லையைக் கடந்திருக்கலாம். துளையைத் திறக்கவேண்டும், ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தவேண்டும், அல்லது நெருங்கிச் செல்லவேண்டும்.
- பின்னணி மட்டும் இருண்டிருத்தல்: ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்குமாறு அமைக்கவேண்டும்.
- படத்தின் ஓரத்தில் கரும்பட்டை: ஷட்டர் வேகம் ஒத்தியங்கு வேகத்தைக் கடந்துள்ளது.
- அடுத்தடுத்த படங்களில் ஒளி குறைதல்: மின்தேக்கி முழுவதும் மின்னேற்றம் பெறவில்லை. ஆயத்த விளக்கு எரிந்த பின்னும் சற்றுக் காத்திருப்பது நன்று.