ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்?

பிரிட்டனில் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவிய தொலைக்காட்சி வினாடி வினா. செலடார் நிறுவனம் தயாரித்த இது, 1998 செப்டம்பர் 4 அன்று ஐடிவியில் தொடங்கியது. நடத்தியவர் கிறிஸ் டாரன்ட். 15 கேள்விகள், நான்கு விடைகள், மூன்று உதவிகள், 10 லட்சம் பவுண்டு உச்சப் பரிசு என்பது மூல வடிவம்.

சட்டகம் ஒன்றாயினும் நாட்டுக்கு நாடு தொனி மாறியது. ஜப்பானின் ஃபூஜி டிவி பதிப்பில் (2000) பரிசு ஒரு கோடி யென் மட்டுமே. ஆனால் விடையை அறிவிக்கும் முன் நடத்துநர் மினோ மோன்டா காத்த நெடிய மௌனமே அங்கு பெரிய ஈர்ப்பு. அமெரிக்க ஏபிசி பதிப்பு 1999 ஆகஸ்டில் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் போட்டியாளர் ஜான் கார்பென்டர் கடைசிக் கேள்வியில் தந்தைக்குத் தொலைபேசி உதவியில் பேசினார். விடை கேட்க அல்ல, தான் வெல்லப்போவதாகச் சொல்ல! பிரிட்டனிலோ 2001இல் பிறரின் இருமலைச் சைகையாகக் கொண்டு வென்ற போட்டியாளர் சார்லஸ் இங்க்ராம் 2003இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்.

இந்தியாவில் 'கௌன் பனேகா குரோர்பதி' 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சனுடன் தொடங்கியது. போட்டியாளரின் குடும்பக் கதை இங்கு கேள்விக்கு நிகரான இடம் பிடித்தது. சில நாள்களில் கேள்வியே இடையூறாகத் தோன்றும். தமிழில் 2012இல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' விஜய் டிவியில் வந்தது. பெண்களுக்கென்றே கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில், 2020இல் செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றார்.