சுவரைத் தாண்டாத அலை

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர் அலுவலகக் குறிப்பு ஒன்றை எழுதினார். அன்று செல்போன் கிடையாது. கார்களில் பொருத்திய ரேடியோ தொலைபேசிதான் உண்டு. ஊருக்கு ஒரே உயரமான ஆன்டெனா. அதில் சிலர் பேசத் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ரிங் ஊரைத் தேனடை போல அறுகோணக் கட்டங்களாக வெட்டிக் காட்டினார். கட்டத்துக்கு ஒரு சிறு நிலையம். தள்ளியிருக்கும் கட்டங்களில் அதே அலைவரிசையை மறுபடியும் பயன்படுத்தலாம். நெரிசல் கூடினால் கட்டத்தை இன்னும் சிறிதாக வெட்டிக்கொள்ளலாம் என்பது அந்த யோசனையின் நீட்சி. எதுவரை வெட்டலாம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கட்டங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. முதலில் ஊரின் ஒரு பகுதி, பிறகு ஒரு தெரு, பிறகு ஒரே ஒரு அலுவலகக் கட்டடம். 1999 மார்ச்சில் பிரான்சின் அல்காடெல் நிறுவனம் கடைசி அடியையும் எடுத்து வைத்தது: வீட்டுக்கு ஒரு டவர். மாதிரிக் கருவிகளும் தயாராயின. விலைதான் காலை வாரிவிட்டது. லேண்ட்லைன் இருக்கும் வீட்டில் அவ்வளவு செலவழித்து டவர் வைக்க யார் முன்வருவார்கள்? திட்டம் பரணுக்குப் போனது. அதைத் திரும்ப இறக்கியது, அடுத்த ஆண்டு பிரிட்டனில் நடந்த ஓர் ஏலம்.

2000 ஏப்ரலில் முடிந்த அந்த ஏலத்தில் ஐந்து 3ஜி உரிமங்கள் விலைபோயின. அரசுக்குக் கிடைத்தது சுமார் 2,250 கோடி பவுண்டு. கம்பெனிகள் கடன்பட்டு வாங்கிய அந்த 2100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு குணம் இருந்தது. பழைய 900 மெகாஹெர்ட்ஸ் அலை அளவுக்கு அது சுவருக்குள் நுழையாது. தெருவில் நான்கு கோடு காட்டும் போன், தடித்த கல்சுவர் வீட்டின் வாசற்படி தாண்டியதும் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிடும். மக்கள் சாவகாசமாக உட்கார்ந்து பேசும் இடமோ வீடு. சுவரை இடிக்க முடியாது. தெருவுக்கு நாலு டவர் நடவும் முடியாது. அப்போது ஸ்விண்டன் என்ற பழைய ரயில்வே ஊரில் சிலர் வேறு பக்கத்திலிருந்து யோசித்தார்கள்.

அலை சுவரைத் தாண்டியே ஆக வேண்டுமா? வீட்டுக்குள்தான் பிராட்பேண்ட் கம்பி வந்து சேர்ந்திருக்கிறதே! அழைப்பு அந்தக் கம்பி வழியே போகட்டும். அலை வரவேற்பறைக்குள் மட்டும் உலவினால் போதும். 2002-இல் ஸ்விண்டனில் இருந்த மோட்டோரோலா பொறியாளர்கள் இந்த வழியில் 3ஜி வீட்டு நிலையம் ஒன்றைச் செய்தார்கள். 2004-இல் அதே ஊரில் யுபிக்விசிஸ் என்ற நிறுவனம் பிறந்தது. அதே ரயில் பாதையில் இருக்கும் பாத் நகரில், பிக்கோசிப் நிறுவனம் நூற்றுக்கணக்கான குட்டிச் செயலிகளை ஒரே சிப்பில் அடைத்துக்கொண்டிருந்தது. அலமாரி அளவு நிலையம் புத்தக அளவுக்குச் சுருங்கியது. அலுவலகக் கட்டங்களுக்குப் ‘பிக்கோ’ என்ற பெயரை வைத்தாகிவிட்டதால், அளவைகளில் அதற்கும் கீழே இருந்த ‘ஃபெம்டோ’ இதற்கு வந்தது. டேனிஷ் மொழியில் பதினைந்தைக் குறிக்கும் ‘ஃபெம்டென்’ என்ற சொல்லில் பிறந்த பெயர் அது. புள்ளிக்குப் பின் பதினைந்தாம் இடம். ஃபெம்டோசெல் விற்பனைக்குக் கிளம்பியது. கிளம்பியதும் அது கேட்ட முதல் வரம், வானம்.

2007-இல் அமெரிக்காவின் ஸ்பிரின்ட் நிறுவனம் டென்வரிலும் இண்டியானாபொலிசிலும் ‘ஏர்ரேவ்’ என்ற பெட்டியை விற்றது. வீட்டுக்குள் சிக்னல் தருவதற்கென்றே வந்த அந்தப் பெட்டி ஜிபிஎஸ் செயற்கைக்கோளைப் பிடித்தால்தான் உயிர்பெறும். ஸ்பிரின்டின் டவர்கள் எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடியவை. அந்த நேரம் வானத்திலிருந்து வந்தது. அவசர உதவிக்கு 911 அழைத்தால் வீடு எங்கே என்றும் தெரிய வேண்டும். ஆகவே பெட்டி ஜன்னலோரம் போனது, அல்லது அதன் ஆன்டெனா மட்டும் வயரோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. விலையைக் குறைத்தால்தான் பெட்டி வீடுதோறும் போகும்; அந்தத் தடையைத் தளர்த்தியது ஒரு சின்னப் படிகம்.

பெரிய டவரின் அலைவரிசை நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் பிசகக் கூடாது. அலைவரிசையைப் பிடித்துவைக்கும் அவ்வளவு துல்லியமான படிகத்துக்குக் கொள்ளைக் காசு. வீட்டில் யாரும் காரோட்டிக்கொண்டே பேசுவதில்லை; வேகத்தால் அலைவரிசை விலகும் கவலை அங்கே இல்லை. எனவே சர்வதேசத் தரநிலை வீட்டுப் பெட்டிக்கு 250 பங்குவரை விட்டுக்கொடுத்தது. 2009 ஜூலையில் பிரிட்டனில் வோடஃபோன் தன் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு அதற்கு ‘ஷ்யூர் சிக்னல்’ என்று பெயரிட்டது. 32 எண்களைப் பதிந்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசலாம். சின்னக் குடும்பத்துக்கு அது தாராளம். பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டாவது பெட்டியையும் வாங்கினார்கள். சிக்கல் அங்கேதான் காத்திருந்தது.

ஒவ்வொரு பெட்டியும் இணையத்தின் ஊடே கம்பெனி வரை ரகசியச் சுரங்கம் ஒன்றைத் தோண்டிக்கொள்ளும். ஐபிசெக் என்ற அந்தச் சுரங்கத்தின் பொட்டலங்களில் வாசல் எண் (போர்ட்) இருக்காது. இரண்டு பெட்டிகளுக்கும் பதில் வந்தால் எது யாருக்கு என்று ரவுட்டர் விழிக்கும். நல்லவேளையாக, பொட்டலத்தை இன்னொரு உறையில் போட்டு 4500 என்ற வாசல் எண்ணை எழுதி அனுப்பும் முறை 2005-லேயே தரநிலையாகியிருந்தது. சுரங்கங்கள் இரண்டும் பக்கம் பக்கமாக ஓடின. ஆனால் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறினால், பாதிப் படியில் அழைப்பு அறுந்தது.

பெரிய டவர்களுக்கு அண்டை அயல் யார் என்ற பட்டியல் உண்டு. அதை வைத்துத்தான் அழைப்பைக் கைமாற்றுகின்றன. வீட்டுப் பெட்டியை எவர் எங்கே செருகுவார் என்று எந்தப் பட்டியலிலும் எழுதி வைக்க முடியாது. 3ஜி-யின் அடையாளக் குறியீடுகள் மொத்தமே 512. அவற்றில் சிலவற்றை ஊரிலுள்ள பெட்டிகள் எல்லாம் பங்கிட்டுக்கொண்டன; ஒரே குறியீடு பல வீடுகளில் இருந்ததால், எது எந்தப் பெட்டி என்று டவருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கினால் டவர் அழைப்பை வாங்கிக்கொள்ளும். தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தால், முதல் தலைமுறைப் பெட்டிகள் பலவற்றுக்கு வாங்கத் தெரியாது. ஒரே கூரையின்கீழ் இருந்த இரண்டு பெட்டிகளோ ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள். பெட்டிகள் தங்களுக்குள் நேராகப் பேச வழிசெய்யும் தரநிலை பின்னால் வந்தது. என் கணக்கில் ஃபெம்டோசெல் பொறியாளர்களின் மிகப் பெரிய சாதனை அதுதான். அது வீடுகளை எட்டுவதற்குள், போன் ஒரு வேலை செய்துவிட்டது.

சுரங்கத்தைப் பெட்டி ஏன் தோண்ட வேண்டும்? போனே தோண்டிக்கொண்டது. 2014-இல் ஐபோனுக்கு வைஃபை காலிங் வந்தது. 2019 டிசம்பரில் ஏர்டெல் அதை இந்தியாவில் தொடங்கியது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜி-யை அணைத்தபோது, அதன் வீட்டுப் பெட்டிகளும் அதோடு அணைந்தன. இன்று சிக்னல் எட்டாத அறையில் போன் மணி அடிக்கும்போது, அந்த அழைப்பு வைஃபை ரவுட்டரைத் தாண்டி வருவது அதே ஐபிசெக் சுரங்கத்தில். உறையின் மேல் இருக்கும் வாசல் எண் அதே 4500.